எஸ்தர் டீச்சரும் முதலைக் கண்ணீரும்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் சிவகிரி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தலைமையாசிரியர் போனில் சொன்னார்: "எஸ்தர் டீச்சர் போயிட்டாவ." சிறுநீரகம் பழுதாகி நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வந்து நின்ற பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

எங்கள் பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் தமிழ். சொல்லின் பிறப்பைத் தொடாமல் அவர் பாடம் நடத்தியதில்லை என்பது அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். கல்லிடுக்குப் பல்லிக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர்தான் ‘குரோக்கடைல்’. எகிப்து ஆற்றில் முதலையைக் கண்டதும் அதையும் அப்படியே அழைத்துவிட்டார்கள் என்பார். "பயத்தச் சின்னதாக்கத்தான் மனுசன் பேரு வைக்கான்" என்று சிரிப்பார்.

விசைத்தறி வைத்திருந்த அவர் கணவர் குடிப்பார், அடிப்பார். கையில் கட்டோடு டீச்சர் வந்த நாட்களை நாம் எல்லோரும் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. கணவர் விபத்தில் இறந்தபோது டீச்சர் சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதார். நாத்தனார் ஜெயமணி எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "முதலைக் கண்ணீர் வடிக்கா பாரு. உனக்கு இப்பம் நிம்மதிதானட்டி?"

டீச்சர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் அவர் அழவில்லை. பிறகும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வேலைக்குத் திரும்பியதும் என்னிடம் கேட்டார்: "அந்தச் சொல்லு தமிழ்ல பழசா டீச்சர்?"

"நம்ம பழைய சொல்லு நீலிக் கண்ணீர்தான். முதலக் கண்ணீர் இங்கிலீஷ்ல இருந்து வந்தது" என்றேன்.

"திங்கும்போதே முதல அழும்னு வெள்ளைக்காரன் கட்டுன கத. அப்பம் எம் பாடத்துல இருந்து வந்துதான் என்னயக் கடிச்சிருக்கு." பிறகு சொன்னார்: "அடிச்சாருதான். ஆனா நான் அழுததும் நெசந்தான்."

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. "நான் போனா ஜெயமணி வருவா, அழுவா. அந்தச் சொல்ல யாரும் அவளச் சொல்லாமப் பாத்துக்கிடுங்க. அதோட பல்லு எனக்குத் தெரியும்" என்றார்.

ஜெயமணி வந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். எனக்குப் பின்னால் ஒருத்தி, "முதலைக்..." என்று தொடங்கினாள். திரும்பி, "அவ அழட்டும்" என்றேன்.

ஜெயமணி மெய்யாகவே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதே டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.