மூலையில் கொட்டிய நெல்

அன்று வயலில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் மகள், வயலுக்குச் சொந்தக்காரர், நான். எங்கள் செம்மறிகள் நாற்பத்தொன்று. வயல்காரர் வீட்டு வெள்ளாடுகள் இரண்டு, கூப்பிடாமலே கூட வந்தவை.

நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வராது, கவலை நன்றாக வரும். வானம் மூடினால் கவலை, மூடாவிட்டால் கவலை. பட்டியில் ஓர் ஆடு இருமினால் மற்றவர்கள் புரண்டு படுப்பார்கள், நான் டார்ச்சைத் தேடுவேன். "கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அதுக்கும் ஒரு கவலை படுவா இவ" என்பார் அண்ணி. வீட்டுக்காரரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்து இருந்தவர்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில் பல வருஷம் கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்பியபோது எங்கள் நிலம் யூரியா தின்று தின்று செத்துப் போயிருந்தது. மண்வெட்டி போட்டால் பாளமாகப் பெயரும், ஒரு மண்புழு இருக்காது. இனி மூட்டை உரம் கிடையாது, ஆடும் மாடும் நடந்துதான் இந்த மண்ணுக்கு உயிர் வர வேண்டும் என்றார். ஆட்டை ஒரே இடத்தில் விடக் கூடாது. தினம் சாயங்காலம் ஆட்டைச் சுற்றி நட்ட வேலி வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் நட வேண்டும். மேய்ந்த துண்டில் புல் முழங்கால் உயரம் வரும்வரை ஆடு அங்கே திரும்பக் கூடாது. காலையில் மாடு கறப்பது நான், குட்டிகளைப் பார்ப்பது அண்ணி, வலை தூக்குவது எல்லாரும். வலைக் குச்சி பிடித்துப் பிடித்து அண்ணியின் மகளுக்குக்கூட உள்ளங்கை காய்த்துவிட்டது. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, கடையில் வாங்கிய தீவனம் ஒரு பிடி உள்ளே வரக் கூடாது. தவிடு இல்லை, புண்ணாக்கு இல்லை, தானியம் இல்லவே இல்லை. புல், வரப்புக் கொடி, அகத்தி, வைக்கோல். பார்க்க வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.

ஆடு வாங்கியது அண்ணியின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்த பணத்தில். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். அதற்குள் கிடாக்களை விற்று மீட்டுத் தருவதாகப் பேச்சு. "வெறுங்கழுத்தோட இவளை மணவறையில உக்கார வைக்க மாட்டேன் தம்பி" என்று அண்ணி ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஆடுகளை எண்ணும்போதெல்லாம் சங்கிலியைத்தான் எண்ணினேன்.

சம்பா அறுத்ததும் எங்கள் பக்கம் வயலில் கிடை போடுவார்கள். ஆடுகளை ராத்திரி அங்கே அடைத்தால் எரு வயலுக்கு, கூலி ஆட்டுக்காரருக்கு. உளுந்து தெளிக்காமல் விட்ட தன் வயலுக்கு எங்கள் ஆடுகளைக் கேட்டார் வயல்காரர். முறைக்கு மாமா. நான் வழக்கம்போல வரப்பைச் சுற்றி வந்தேன். கம்பி கிடக்கிறதா, மருந்து பாட்டில் கிடக்கிறதா, கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று எல்லாம் பார்த்தேன், கேட்டேன். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்றார்.

வடக்கு மூலையில் நெல் கிடந்தது. கொஞ்சநஞ்சமில்லை, காலால் தள்ளினால் குவியும்.

"இதென்ன மாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அறுப்பு மெஷின் சேத்துல இறங்கிப்போச்சு மாப்ள. ட்ராக்டர் கிட்ட வர முடியல. மூலையிலயே கொட்டி அள்ளினோம். அள்ளினது போக மிச்சம். அப்புறம் மழையில நனைஞ்சுட்டு. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா ஈரம்னு திருப்பி அனுப்புவான். உங்க ஆடு தின்னட்டும்."

"அதைக் கூலியில கழிச்சுராதீங்க" என்றார் அண்ணி.

"கழிக்காம? என் நெல்லு, உங்க ஆடு. பாதிக் கூலிதான்."

சிரித்தோம். வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்: "நாம குடுத்தாத்தானே தீவனம். இது வயல்ல கிடக்கறது. வயல்ல கிடக்கறதை ஆடு திங்கறது இயற்கைதானே."

ஆடுகள் அந்த மூலையை விட்டு நகரவில்லை. இவ்வளவு ஆசையாக அவை எதையும் தின்று நான் பார்த்ததில்லை. அண்ணியின் மகள் செல்போனில் படம் எடுத்தாள்.

மறுநாள் காலை வலையைத் திறந்தபோது ஒன்றும் எழுந்து வரவில்லை. அசைபோடும் சத்தம் இல்லை, பல்லை நறநறக்கும் சத்தம்தான். இடது வயிறு உப்பி, தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. தட்டி எழுப்பிய இரண்டும் குடித்தவன் மாதிரி நடந்து விழுந்தன. கழிச்சலில் புளித்த மாவு நாற்றம்.

நீடாமங்கலத்திலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஒன்றின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"தானியம் பழக்கம் உண்டா?"

"ஒரு மணி குடுத்ததில்லீங்க சார்" என்றார் வீட்டுக்காரர். பழக்கதோஷத்தில் அந்தக் குரலில் பெருமை இருந்தது.

"அதாங்க வந்தது. பழகாத வயிறு. திடீர்னு வயிறு முட்ட தின்னா உள்ள புளிச்சு, ரத்தத்துல ஏறிடும். தினம் கொஞ்சம் தின்னு பழகியிருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காது."

அதே நெல்லைத் தின்ற மாமாவின் வெள்ளாடுகள் இரண்டும் வரப்பில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. தினம் பழைய சோறும் கழுநீரும் குடிக்கிற வயிறு. வீட்டுக்காரர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடையில் இருந்த ஆப்பசோடா முழுவதையும் வாங்கி வந்து கரைத்துப் புகட்டினோம். டாக்டர் ஊசி போட்டார். மத்தியானத்துக்குள் ஆடுகள் சாய ஆரம்பித்தன. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

யார் சொன்னார்களோ, கறிக்கடைக்காரர் ஒருவர் வண்டியில் வந்துவிட்டார். "மூச்சு இருக்கறதை இப்பவே குடுத்துருங்க. பாதி விலையாவது நிக்கும்."

"ஊசி போட்டிருக்குங்க. கறிக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

"அது எங்க பாடுங்க."

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்தார். "குடுத்துரு தம்பி" என்றார், மெதுவாக. நான் தரையைப் பார்த்தேன். குடுத்துவிடட்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

"தின்னுட்டு யாராவது ஒண்ணுக்கு ஒண்ணு ஆனா?" என்றார் வீட்டுக்காரர். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆட்டைப் பார்த்துச் சொன்னார்.

வண்டி போய்விட்டது. அண்ணி முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாப்பிடவில்லை. அப்புறம் தம்பியோடு பேச வேண்டியதை என் மூலமாகத்தான் பேசினார். "உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி சுட்டுட்டுதுன்னு."

மாமா தன் செலவில் பொக்லைன் கூப்பிட்டு, தன் வயலிலேயே, அதே வடக்கு மூலையில், செத்ததைப் புதைக்கக் குழி வெட்டிக் கொடுத்தார். கிடைக் கூலியை முழுசாகவே நீட்டினார். வீட்டுக்காரர் வாங்கவில்லை. இப்போது அந்த மூலையில் நாற்று மற்ற இடத்தைவிடக் கறுத்து வளர்ந்திருக்கிறது. நான் அந்த வரப்பு வழியாகப் போவதில்லை.

பிழைத்தவை பதினாறு. வயிற்றில் இருந்த குட்டிகள் விழுந்துவிட்டன. விற்க ஒரு கிடா தேறவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடுகிறோம். ஆட்டுக்கு ஒரு பிடி நெல் தினம் போட்டுப் பழக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். மறுநாள் பார்த்தேன், ஒரு சொம்பில் நெல்லை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் கழுத்தில் கவரிங் சங்கிலி. வியர்வையில் கறுத்துவிடும் என்று அண்ணி நிமிஷத்துக்கு ஒரு தரம் மணவறையில் குனிந்து, கைக்குட்டையால் மகளின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வேர்க்கிறதே என்று யாரோ மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள்.

நகைக்கு, வட்டி நீங்கலாக, இன்னும் கட்ட வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் ரூபாய்.