கியர் மாற்றாத லாரி டிரைவர்

மருமகள் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "மாமா, இந்தப் பழைய டிவி நாடகத்தப் பாருங்க. காசநோய்க்காரன் பவுடர் பூசிக்கிட்டு இருமறதப் பாருங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். எங்கிருந்தோ டீசல் வாடை வந்தது. அந்த இருமல் எனக்குத் தெரியும்.

அப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் மேஸ்திரி. படிப்பு மூணாவதோடு சரி. இன்றைக்கு என் பேர் எழுதின வண்டி அசாம் வரை ஓடுகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான், இருக்கட்டும்.

பட்டறையில் ஒரு கறுப்புவெள்ளை டிவி உண்டு, கரண்டுதான் இருக்காது. என் கூட்டாளி செல்லமுத்து தன் லாரி பேட்டரியில் இரண்டு கிளிப்பைக் கவ்வவிட்டு ஓட வைப்பான். ஞாயிறு சாயங்காலம் பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்ப்போம். இந்த நாடகத்தை எத்தனை தடவை போட்டார்களோ அத்தனை தடவையும் பார்த்தோம். எங்களுக்குப் புத்தி சொல்லத்தான் எடுத்தார்கள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

பின்னே? கதாநாயகன் லாரி டிரைவர். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை மாவாட்டுகிற மாதிரி சுற்றுவான். கியரைத் தொடவே மாட்டான். "கியர் மாத்தாம பம்பாய் போறானாமா. நம்மளால இந்தா இருக்கற பரமத்தி போவ முடியுமா மாப்ள?" என்பான் செல்லமுத்து. நர்ஸ் சட்டைக் கைக்கு மேலேயே ஊசி போடுவாள். டாக்டருக்கு ஒட்டுமீசை, "தைரியமாக இருங்கள்" என்னும்போது ஒரு முனை பிரிந்து ஆடும். செல்லமுத்து தன் மீசையை விரலால் அழுத்திக்கொண்டு அதே குரலில் எனக்குத் தைரியம் சொல்வான்.

அப்புறம் மாத்திரை. டிரைவர் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். அடுத்த காட்சியில் பெண்டாட்டியோடு கரும்புக்காட்டில் பாட்டு. பாட்டு ஆரம்பித்ததும் செல்லமுத்து கிளிப்பைப் பிடுங்கிவிடுவான். "போதும் சாமி. பேட்டரி எறங்கிட்டா விடியால வண்டியத் தள்ளோணும்."

அந்தச் செல்லமுத்துவுக்கே அந்த இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு மாசத்துக்கு மாத்திரை என்றார்கள். ரெண்டு மாசத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது, கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிவிட்டான். அவன் பெண்டாட்டி ராசாத்தி மாத்திரைப் பொட்டலத்தோடு பட்டறைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, நீங்க சொன்னாக் கேப்பாருங்க." சொன்னேன். அவன் கேபினிலிருந்து மீசையை அழுத்திக் காட்டினான். "நாடகத்துல அவன் ஒரே மாத்திரையில பாடறான் மாப்ள. நான் ரெண்டு மாசம் தின்னுருக்கறன்."

அத்தனையையும் பார்த்துச் சிரித்தோமே, அந்தக் கரும்புக்காட்டைப் பார்த்து மட்டும் யாரும் சிரித்ததில்லை.

திரும்பி வந்த இருமல் மாத்திரைக்கு அடங்கவில்லை. அடுத்த ஆடிக்கு அவன் இல்லை. இன்றும் ஒரு வண்டி வந்து நின்றால் நிமிர்ந்து கேபினைத்தான் பார்க்கிறேன், அங்கே ஒரு விரல் மீசைக்குப் போகிற மாதிரி.

போனில் பாட்டு ஆரம்பித்தது. என் கை தானாக நீண்டது; பிடுங்கக் கிளிப் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பாட்டு முடிந்தது. நாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு காட்சி வந்தது. அதே டாக்டர், நேராக என்னைப் பார்த்து, "இருமல் நின்றுவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்றார்.

மீசை இந்தத் தடவை நன்றாக ஒட்டியிருந்தது.