ஆவாரம்பட்டையில் ஊறிய ராணி

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பதனிடாத தோலைக் கண்டால், அரைவேக்காட்டுச் சோற்றைக் கண்டதுபோல் அவருக்குக் கை துறுதுறுக்கும். அந்தக் கையால்தான் வினை வந்தது.

பட்டணத்து மியூசியத்து அதிகாரி ஒருவர், எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர், பள்ளிகொண்டாவில் பாவைக்கூத்துக்காரர்களிடம் தோல்பாவைகளை விலைக்கு வாங்கியிருந்தார். வழியில் மழையில் நனைந்துவிட்டன. நிழலில் காயவையுங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று ஷாப்பில் விட்டுப் போனார்.

இவர் தொட்டுப் பார்த்தார். சுரண்டி மெலிதாக்கிச் சாயம் பூசியதோடு சரி, அத்தனையும் பச்சைத் தோல். அழுகிவிடுமே என்று மனசு கேட்கவில்லை. தோளில் கிளியோடு நின்ற ராணி ஒருத்தியை மட்டும், மாதிரிக்கு, தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறப்போட்டார்.

எடுத்தபோது செருப்புத் தோலாகப் பழுத்து, மெத்தென்று இருந்தாள். சிவப்புச் சேலையும் பச்சைக் கிளியும் தொட்டித் தண்ணீரோடு போயிருந்தன. பாவைக்குள் வெளிச்சம் ஊடுருவினால்தானே திரையில் நிறம் தெரியும்? விளக்குக்கு எதிரே பிடித்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் நுழையவில்லை.

"ராணியச் செருப்பாக்கிட்டீங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சோறும் இறங்கவில்லை. வேலை போய்விடும் என்றுகூட இல்லை, தோலைக் கெடுத்தவன் என்ற பெயர் வந்துவிடுமே என்றுதான். அதிகாரி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதையும் மூட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் இவர் ஆறியிருப்பார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ராணிப் பேச்சே வீட்டில் கூடாது. என் குழம்பைக் குறை சொன்னால் மட்டும் நான் அந்தப் பேச்சை எடுப்பேன்.

மகளைக் கட்டிக்கொடுத்தது பட்டணத்தில். அவளைப் பார்க்கப் போனபோது, எல்லோரையும் போல் நாங்களும் செத்த காலேஜுக்குப் போனோம். மியூசியத்துக்கு அங்கே அதுதான் பெயர். தோல்பாவை அலமாரியைக் கண்டதும் இவர் கால் நின்றுவிட்டது. ராணியைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தார். கண்ணாடிக்குள், வர்ணம் மின்னும் கூட்டத்துக்கு நடுவே, அவள் கறுத்துப்போய் நின்றாள்.

பக்கத்தில் யாரோ ஒருவர் தம் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இருக்கறதுலியே இதாம்மா பழசு. நிறத்தப் பாரு, எந்த ராஜா காலத்துதோ." அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "கம்முனு இரு" என்றார். பிறகு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, சேலை ஓரம், கிளி மூக்கு, கால் விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கொஞ்சங்கூட அழுகல, பாத்தியா" என்றார்.

மகள் வீட்டுக்குத் திரும்பியதும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அன்றைக்கு வைத்தது நான்தான்.