வேலிக்கு வெளியே விட்ட கிணறு

பிள்ளைகளே, வீதிக் கூட்டம் முடிந்து வந்த அன்று மூத்தவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அது எங்கட கிணறுதானே அப்பா. ஏன் ஒண்டும் கதைக்காமல் இருந்தனீங்கள்?" அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நெளுக்குளம் சந்தியிலிருந்து உள்ளே வரும் எங்கள் வீதி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சைக்கிள்களும் ஓட்டோக்களும் கிரவல் ஏற்றிய டிப்பர்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். மாரி மழையில் குழி எது, வீதி எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சின்னவள் வெள்ளைச் சட்டையோடு விழுந்து, அழுதுகொண்டு திரும்பி வந்த நாட்கள் எத்தனை. கடைசியில் பள்ளிக்கூட வான்காரரும் கையை விரித்துவிட்டார். "இனிச் சந்தியில கொண்டுவந்து விடுங்கோ அண்ணை. என்ர ரயர் தாங்காது."

அதற்குப் பிறகுதான் நான் பிரதேச சபைக்கு மனு எழுதினேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் நான்தான். "வீதியை அகலமாக்கி, வெள்ளம் ஓட வடிகாலும் அமைத்துத் தரவேண்டும்" என்ற வசனம் என்னுடையது. அந்த வடிகாலை வேறு யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். "ஆராவது இந்த நுனியைப் பிடிங்கோ" என்றார். மனு எழுதினவன் என்ற பெருமையில் நாடாவை நானே பிடித்தேன். அவர் ஒவ்வொரு வீட்டு வேலியிலிருந்தும் எதிர் வேலிவரை அளந்து குறித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் நாடா கிணற்றுக் கட்டுக்கு மேலாகப் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஆற்ற கிணறு?"

"பொதுக் கிணறு ஐயா. ஆனா என்ர காணிக்குள்ளதான் வெட்டினது."

"வேலிக்கு வெளியில நிக்குதே."

ஓம், வெளியில்தான் நிற்கிறது. அது ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு கிணறு என்று உதவி கிடைத்தது. இந்தப் பக்கத்தில் எங்கு தோண்டினாலும் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். எங்கள் காணியின் முன் மூலையில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. வெட்டி முடிந்ததும் வேலி அடைக்கத் தொடங்கினேன். அப்போது உங்கள் அம்மா சொன்னா, "ஒவ்வொரு முறையும் படலையைத் திறக்கச் சொல்லிக் கேட்டு அள்ளுறது அள்ளுற ஆக்களுக்கு வெக்கம். கிணத்தை வெளியில விட்டு அடையுங்கோ." பங்குக் கிணறு என்றால் அதற்கு வழி விடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. நான் வழியோடு நிற்காமல் அந்த மூலை முழுவதையும் வெளியில் விட்டு அடைத்தேன்.

பிறகு அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தினார்கள். ஓட்டோ திருப்பினார்கள். குடங்களுக்குப் பின்னால் வீதியும் மெல்ல மெல்ல அந்த மூலைக்குள் வந்தது. காணி அனுமதிப்பத்திரம் தர அளந்தவர்களும் வேலிக்குள் இருந்ததையே அளந்து எழுதினார்கள். அன்று நான் கவனிக்கவில்லை. உத்தியோகத்தரிடம் அந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் இரண்டு தரம் வாசித்தார். "இதிலயும் இல்லை ஐயா" என்று மெதுவாகச் சொல்லித் திருப்பித் தந்தார்.

கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் கிணறு இருந்த இடத்தில் வடிகாலின் நீலக்கோடு போனது. பக்கத்து மதில் வீட்டுக்கு முன்னால் அந்தக் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. மதிலை உடைத்தால் நட்டஈடு, வழக்கு என்று இழுபடுமாம். மதில் வீட்டுக்காரர் வீதிப் பக்கம் எவ்வளவு தள்ளிக் கட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே எழும்பி என்னிடம் சொன்னார்.

"நீர் புண்ணியம் செய்தனீர். நான் மதில் கட்டினனான். எது நிண்டுபிடிச்சதெண்டு பாத்தீரே?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"தண்ணிக்கு என்ன செய்யிறது ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டா.

"குழாய்த் தண்ணி வரும்."

"எப்ப?"

"அது எங்கட வேலை இல்லை அம்மா, வேற பகுதி."

பிறகு உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "ஆட்சேபனை இருந்தா எழுத்தில தாங்கோ. ஆனா வரைபடம் திரும்பிப் போனா இந்த முறை உங்கட வீதி பட்டியலில இராது." கதிரைகள் கிரீச்சிட்டன. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய ஆட்கள். மகளே, நான் கதைக்காமல் இருந்தது அப்போதுதான்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து ஆட்சேபனை எழுதினேன். கிணற்றில் பங்குள்ள மற்ற நாலு வீட்டாரும் கையெழுத்து வைத்தால் பெறுமதி இருக்கும் என்று நினைத்து, முதலில் இடியப்பம் அவிக்கும் தங்கச்சியிடம் போனேன். அந்தத் தண்ணீர் அவாவுக்குத்தான் எல்லாரையும்விடத் தேவை. அவாவின் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறியவர்கள். பேச்சில் அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது.

அவா கையை மாவோடு வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தா.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நான் வைக்க மாட்டேன்."

"சவர்த் தண்ணியில மாக் குழைச்சா இடியப்பம் சரிவருமே, தங்கச்சி?"

"வராது. கல்லு மாதிரி இருக்கும். ஆனா இந்த ரோட்டுல கடைக்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி கொட்டிப்போகுது. போன மழைக்கு ரெண்டு தட்டு குழிக்குள்ள. நீங்கதானே வந்து ரோட்டுக்குக் கையெழுத்து வாங்கினீங்க? இப்ப வேணாம்னு ஒரு கையெழுத்தா?"

மற்ற மூன்று வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. ஒருவர் தேநீர் தந்தார். நல்ல தண்ணீரில் போட்ட தேநீர். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆட்சேபனை கொடுக்கவேண்டிய கடைசி நாளன்று கடிதத்தில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் சபைக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு இடத்தில் இறங்கி உருட்டவேண்டியிருந்தது. வீதி அப்படி. சபைக் கந்தோரில் வேலை செய்யும் பிள்ளை, "என்ன விசயம் ஐயா?" என்று கேட்டா.

"வீதி வேலை எப்ப தொடங்கும் எண்டு கேக்க வந்தனான்" என்றேன்.

"அடுத்த மாரிக்கு முதல் தொடங்கும்."

"சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். கடிதம் பைக்குள் வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது இடியப்பத் தங்கச்சி கிணற்றடியில் நின்றா. வாளியைக் கீழே விடாமல் என்னைப் பார்த்தா.

"குடுத்தீங்களா அண்ணே?"

"இல்லை."

அவா தலையை ஆட்டினா. வழக்கமாக நாலு குடம் அள்ளுகிறவா, அன்று அள்ளிக்கொண்டே இருந்தா. குடங்கள் முடிந்ததும் மாக் குழைக்கும் சட்டியைக் கொண்டுவந்தா. பிறகு ஒரு பழைய பெயின்ற் வாளி. கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மாவும் குசினியில் இருந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவாவுக்குப் பக்கத்தில் நின்றா. வேலை தொடங்க இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். நான் போய்க் கயிற்றை வாங்கி இழுத்துக் கொடுத்தேன்.