கடைசி வரிசைக்கு மூன்று நிமிடம்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரி. வயது இருபத்து மூன்று. மஞ்சக்கானம் எஸ்டேட், கீழ் லயம், ஏழாம் நம்பர் வீடு. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் மீது சுவர் விழுந்தது; அங்கேயே இறந்துபோனாள். அதே வரிசையில் இன்றைக்கும் ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன.

வழக்கமாக இந்த வாராந்தரப் பத்தியை இப்படியா ஆரம்பிப்பேன்? ஆட்டோக்காரரோடு சண்டை, மிக்ஸி ரிப்பேர் என்று எங்கேயோ தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, கடைசி வரியில் ஒரு குத்து வைப்பது நம் பழக்கம். வருடக்கணக்காக நீங்களும் சகித்துக்கொண்டு படிக்கிறீர்கள். இந்த வாரம் அது முடியாது.

போன வாரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னை வழிமறித்தாள். கையில் மருந்துக்கடைப் பை.

"சாரே... என்னை மனசிலாச்சா? நான் வசந்தா. மகேஸ்வரி தங்கச்சி."

மனசிலாயிற்று. நன்றாகவே மனசிலாயிற்று. அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வித்துரா பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். அங்கே இறங்கி, எஸ்டேட்டுக்கு ஜீப் பிடித்து ஏற வேண்டும்.

"மெம்பர் சாரோட சட்டசபைப் பிரசங்கமெல்லாம் புக்கா வருதாமே, உள்ளதா? நீங்கதான் எழுதுறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா. தொகுக்கிறேன்."

"அதுல அக்கா பேரு உண்டு இல்லியா சார்?"

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னேன் — "உண்டு."

பச்சைப் பொய்.

"அப்போ அந்தப் பேஜ் மட்டும் ஒரு காப்பி எடுத்துத் தாங்க சார். எங்க வீட்டுச் சுவரும் இப்போ தள்ளி நிக்கி. ஒரு கமுகுத்தடிய முட்டுக் கொடுத்து வச்சிருக்கோம். ஆபீஸ் ஆபீஸா போனா, சபையில பேசினதுக்கு எழுத்துல ரேகை எங்கேன்னு கேக்காங்க. அது இருந்தா ஜூன் மாசம் இடவப்பாதி மழைக்கு முந்தி எங்களை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லலாம்." செவ்வாய்க்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஆறுதலுக்காக ஒரு பொய் சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடும் என்று எந்த மடையன் நினைப்பான்? நான் நினைத்தேன்.

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். காப்பி டம்ளரைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு கடுதாசிக்காகத் திரும்ப வருவாளே... என்னத்தைக் குடுப்பேள்?"

டம்ளரை அவள் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகையில் இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்னால் எனக்கு வேறு பிழைப்பு இருந்தது. ஓர் எம்.எல்.ஏ.விடம் உதவியாளர். அவருக்குச் சபையில் பேசுவதற்கு எழுதிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. வசந்தா சொன்ன மெம்பர் அவர்தான்; தெற்கு எல்லைப் பக்கத்து வாழை விவசாயி. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். சபையில் கடைசி வரிசை, அதிலும் கடைசி நாற்காலி. அமைச்சர் பதவிக்கு அவர் பெயரை யாரும் சொன்னதில்லை, அவரே சொன்னதில்லை. கமிட்டி என்று போட்டால் நூலகக் கமிட்டியில் போடுவார்கள். பேசுபவர்கள் பட்டியலில் பெயர் எப்போதும் கடைசியில். முன்வரிசைக்காரர்கள் தங்கள் நேரத்தையும் தின்று, இவர் நேரத்தையும் தின்று முடித்த பிறகு மிச்சம் இருப்பது மூன்று நிமிடம். ஐந்து என்று எழுதியிருக்கும், மூன்றுதான் கிடைக்கும். ஆனாலும் மனிதர் ஒரு நாள்கூடச் சபைக்குப் போகாமல் இருந்ததில்லை. தெருவிளக்கு, வாழைக்காய் விலை, ஒரு பாலத்தின் கைப்பிடி... எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்காருவார். மறுநாள் பேப்பரில் ஒரு வரி வராது.

மகேஸ்வரியின் அப்பா எழுதிய மனு அவரிடம் வந்தது அவருடைய தொகுதி என்பதால் அல்ல. மனு தமிழில் இருந்தது. கட்சி ஆபீசில் அதைப் படிக்கத் தெரிந்த எம்.எல்.ஏ. இவர் ஒருவர்தான். இரண்டு முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தொழிலாளர் துறை விவாதத்துல எனக்கு அஞ்சு மினிட்டு உண்டு. இதை மட்டும் எழுது டோ. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? மலையில் மூடுபனி இறங்குவதில் ஆரம்பித்தேன். கொழுந்து கிள்ளும் விரல்கள். அது தேநீராகி அமைச்சரின் மேஜையில் ஆவி பறக்கும் கோப்பை. லயத்தின் ஈரச் சுவர். ஒரு பெண்ணின் அடுப்பு... பெயரை மட்டும் சொல்லவில்லை. எஸ்டேட்டையும் சொல்லவில்லை. ஐந்து குடும்பங்களையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கடைசிப் பத்திக்கு வைத்தேன். 'அவள் பெயர் மகேஸ்வரி' என்று முடிக்கும்போது சபை அப்படியே உறைந்துவிட வேண்டும் — அதுதான் என் திட்டம். வீட்டில் கண்ணாடி முன் வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. வெட்கக்கேடு!

சபையில் ரொம்ப காலம் இருந்த இன்னொரு உதவியாளர் பிரதியைப் புரட்டிவிட்டு எச்சரித்தார். "காரியம் ஆத்யம் பறயணும் கேட்டோ." விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அர்த்தம். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. எழுத்து பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் மூன்று நிமிடம்தான். மெம்பர் கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் குடித்து, நிதானமாக வாசிக்கிறவர். மூடுபனி வந்தது, விரல்கள் வந்தன, கோப்பை வந்தது. நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. ஈரச் சுவருக்கு வந்தபோது மைக்கில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது; மைக் நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை. கடைசிப் பத்தியை நின்றபடியே முழுக்க வாசித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேலரியில் இருந்த எனக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது.

மைக் இல்லாமல் பேசியது பதிவில் ஏறாது. அங்கே அதுதான் வழக்கம். அமைச்சர் பதில் சொல்லும்போது, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினைகள் பொதுவாகப் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன? காதில் விழுந்தது மூடுபனியும் டீயும். பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாக ஒரு பதில்.

வெளியே வந்ததும் மெம்பர் என் தோளைத் தட்டினார். "கலக்கிட்டே டோ! பேரு சொன்னப்போ சபையே நிசப்தமாயிடுச்சு, கண்டியா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சார், மைக் போய்விட்டது, நாளைக்கு எழுந்து இரண்டே வரியில் கேளுங்கள் என்று. சொல்லவில்லை. அவர் என் எழுத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தாரே!

பின்னால் அவர் ஓயாமல் கடிதம் எழுதினார். அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்குறுதிகளைப் பின்தொடர ஒரு கமிட்டி உண்டு. அங்கேயும் எழுதினார். சபைப் பதிவில் எந்தப் பக்கத்தில் எந்த வாக்குறுதி என்று கேட்டுப் பதில் வந்தது. அந்தக் கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. நான் அதை ஃபைலில் வைத்து மூடினேன். அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கிடைக்கவில்லை. நான் பத்தி எழுத வந்துவிட்டேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை சபை நூலகத்துக்குப் போனேன். ஒருவேளை என் ஞாபகம் தப்பாக இருக்கலாம் என்ற நப்பாசை. தடித்த வால்யூமைப் புரட்டினேன். அவர் பேச்சு, 'அந்தச் சுவரின் ஈரம்' என்பதோடு அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த வரியில் அடுத்த உறுப்பினர்.

அங்கிருந்தே மெம்பருக்குப் போன் செய்தேன். குரல் தளர்ந்திருந்தது.

"பேரு நான் சொன்னனே. எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

"மைக் அணைஞ்சிடுச்சு சார். கேலரியிலேர்ந்து பார்த்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சொல்லியிருந்தா மறுநாள் எழுந்து நின்னிருப்பேனே டோ... எனக்கு அங்க வேற என்ன வேலை இருந்துது?"

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை வசந்தா வந்தாள். பஸ் ஸ்டாண்ட் சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்து, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். சிவப்பு விளக்கையும் மறைக்காமல் சொன்னேன். பக்கத்தின் நகலைக் கொடுத்தேன். மலையாளத்தில் படித்த பெண். விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். மூடுபனி, விரல்கள், கோப்பை. மெம்பர் பேச்சின் கடைசி வரி வந்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் வெள்ளை.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமாம்."

"நல்லா எழுதியிருக்கீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்து மருந்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டாள் — "பேரை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். வானம் அப்போதே கறுத்திருந்தது.

அந்த ஐந்து குடும்பங்களுக்கும் வேறு இடம் கேட்டு, மெம்பரும் நானும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு நேற்று கொடுத்திருக்கிறோம். முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் இடம். பழைய எம்.எல்.ஏ.வின் மனுவுக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மழை அதற்கெல்லாம் காத்திருக்காது. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பத்திரிகையில் இடம் பத்தாவிட்டால் எப்போதும் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டட்டும், பெயர் மேலே இருக்கிறது.