நான்காவது பெயர்

ஸ்ரீகண்டனை நான் முதன்முதலாகப் பார்த்த அன்று, பாதிப் பேச்சில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். மணி ஐந்து இருபது. கோரமங்களாவில் எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி. கீழே வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு நிமிடம் நின்றார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி, எங்க விட்டோம்?"

என் வேலை கொஞ்சம் விநோதமானது. அமெரிக்காவில் இருக்கும் வக்கீல்களுக்காக இங்கே உட்கார்ந்து விசா மனு எழுதுவது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கென்று அங்கே ஒரு வகை இருக்கிறது. கம்பெனி எதுவும் கூப்பிட வேண்டியதில்லை. தன் துறையின் உச்சியில் இருக்கும் வெகு சிலரில் தானும் ஒருவர் என்று காட்டினால் போதும், கிரீன் கார்டுக்குத் தகுதி வந்துவிடும். பரிசு, பத்திரிகையில் வந்த செய்தி, சொந்தக் கண்டுபிடிப்பு என்று பத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று தேற வேண்டும். தேறினாலும் கடைசியில் ஆபீசர் மொத்தத்தையும் பார்த்து, இந்த ஆள் நிஜமாகவே அப்பேர்ப்பட்ட ஆள்தானா என்று யோசிப்பார்.

ஆதாரம் சேர்ப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்று ஆலங்காயத்திலிருந்து தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை அலைந்து நிரூபித்து, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியவன் நான். அண்ணன் எட்டாவதோடு நின்றதற்கே தாள் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழை இன்றும் ஈஜிபுரா அறையில் என் பட்டத்துக்கு மேலேதான் வைத்திருக்கிறேன். வீட்டில் படித்தவர் இல்லை என்று காட்டி நான் உள்ளே போனேன். இவரைப் போலப் படித்தவர் உலகத்திலேயே நாலு பேர்தான் என்று காட்டி மற்றவர்களை அனுப்புகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஸ்ரீகண்டனுக்கு நாற்பத்தொரு வயது. சொந்த ஊர் குடியாத்தம். சந்தாபுராவில் தனியாக ஒரு ஃப்ளாட். மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். அவர் கண்டுபிடித்தது சின்ன விஷயம் போலத் தெரியும். கிராமத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் ஏறி இறங்கினால் ஈசிஜி கோடு நடுங்கும். எது இதயத் துடிப்பு, எது கரண்ட் என்று டாக்டருக்கே தெரியாது. அந்த நடுக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து வீசும் ஒரு வழியை இருபதுகளின் கடைசியில், பெங்களூரில் வேலை பார்க்கும்போது கண்டுபிடித்தார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அமெரிக்காவில் இருந்தார். மகள் அம்ருதா அங்கேதான் பிறந்தாள். விசாக் காலம் முடிந்து இவர் திரும்ப வேண்டி வந்தது. அங்கே சொந்த வேலை விசா இருந்த மனைவி சௌம்யா வரவில்லை. அதற்கு முன்பே இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு குறைந்திருந்தது. பிறகு சம்மதித்தே பிரிந்தார்கள். இப்போது எட்டு வயது மகள் நியூ ஜெர்சியில், அம்மாவோடு. வேலை விசாவுக்கு மறுபடி மனுப் போட்டு, குலுக்கலில் மூன்று வருடமும் பெயர் விழவில்லை. மனைவியின் பெயரைச் சொல்லிப் போகவும் இப்போது வழியில்லை. சொந்தக் காலில் போக இருந்தது இந்த ஒரு வகைதான்.

"பெரிய வீடு, கார் எதுவும் வேணாம் தம்பி. அதே ஊர்ல, நடந்து போற தூரத்துல ஒரு ரூம் இருந்தாப் போதும். காலையில அவள ஸ்கூல் பஸ் ஏத்தி விடணும்."

அப்போதுதான் ஐந்து இருபது எனக்குப் புரிந்தது. அங்கே காலை ஏழு ஐம்பது. தெருமுனையில் மஞ்சள் பஸ் வரும் நேரம். தினமும் அந்த நேரத்துக்கு, எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பார். அவருடைய போனில் பெங்களூர் வானிலைக்கு மேலே அந்த ஊர் வானிலைதான் இருக்கும். "இன்னிக்கு அங்க மழை. பூட்ஸ் போட்டுட்டுப் போயிருப்பா" என்று, யாரும் கேட்காமலே சொல்வார்.

மனுவை அனுப்பினோம். ஆகஸ்டில் பதில் வந்தது. ஆதாரம் போதாது, பன்னிரண்டு வாரத்துக்குள் இன்னும் அனுப்பு என்று ஆறு பக்கக் கடிதம். எங்கள் டீம் லீட் ஹரிஷ்குமார் அதை என் மேஜையில் போட்டார். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர்; தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்.

"மகா, இத நோடு. பேட்டன்ட்ல நாலு பேரு. உன் ஆளு நாலாவது. அவார்டு வாங்கினது வேற ஆளு. பேப்பர்ல போட்டோ வேற ஆளு. ஆபீசர் கேக்குறான், இந்த ஸ்ரீகண்டன் அங்க என்னதான் பண்ணிட்டிருந்தாருன்னு. நியாயம்தானே?"

அந்த வேற ஆள் கோதண்டராமன். அப்போது அந்தக் குழுவின் தலைவர். அடுத்த நாளே ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டேன்.

"சார், பேர் வரிசைய யாரு டைப் பண்ணது?"

"நான்தான்."

"அப்ப ஏன் உங்க பேரு கடைசில?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற எங்க போடறது? கோதண்டராமன் சார் மூத்தவர். அடுத்தது ஜெயராஜ், அவருக்கப்புறம் பாகீரதி மேடம். இருக்கறதுலயே சின்னவன் நான். கல்யாணப் பத்திரிகைல தாத்தா பேருக்கு மேலயா மாப்பிள்ளை பேரு போடுவாங்க?"

"மாப்பிள்ளை பேரு கீழ இருந்தாலும் பெரிய எழுத்துல இருக்கும் சார். இதுல எல்லாம் ஒரே சைஸு."

சிரித்தார். பிறகு மெதுவாக மற்றதும் வெளியே வந்தது. விருதுக்கான விண்ணப்பத்தைக் கோதண்டராமன் பெயரில் எழுதி அனுப்பியதும் இவரே. பேட்டி எடுக்க நிருபர் வந்தபோது, "சார் வந்துடுவாரு, அவர்ட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போயிருக்கிறார்.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. கண்டுபிடித்தது ஸ்ரீகண்டன் ஒருவரே என்று கோதண்டராமன் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். கடிதத்தை நான் எழுதினேன். ஸ்ரீகண்டன் படித்துவிட்டு, 'கோதண்டராமன் அவர்களின் வழிகாட்டுதலில்' என்று சேர்த்து அனுப்பினார். அடித்தேன். மறுபடி சேர்த்தார். மூன்றாவது முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சார், அந்த ஒரு வரியாலதான் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க."

"இல்லாம எப்படி தம்பி எழுதறது? அவரு வீட்டு ஹால்ல அந்த பேட்டன்ட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. அது உங்களோடது இல்லைன்னு நான் எழுதிக் கொண்டுபோய் நீட்டணுமா?"

ஐந்து வாரம் இப்படியே போனது. ஒரு நாள், அம்ருதா கணக்கில் பரிசு வாங்கியதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள் என்றார். "மறந்துட்டேன் அப்பான்னு சொல்றா. சொல்லணும்னு தோணல, அவ்வளவுதான்." பிறகு, "ஞாயித்துக்கிழமை சார் வீட்டுக்குப் போலாம். நீங்களும் வாங்க. என்னால தனியாக் கேக்க முடியாது" என்றார்.

மல்லேஸ்வரத்தில் கோதண்டராமன் வீடு. அவர் அப்பா காலத்திலிருந்து அங்கேதான். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி அம்புஜம்.

"ஏன்டா, ஊருக்குத் திரும்பி மூணு வருஷம் ஆச்சாமே. இந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும்னு தோணலியா?"

"இல்லம்மா, கொஞ்சம்…"

"தெரியும். அதுக்காக? எங்காத்துக் காபி கசந்துடுத்தா?"

ஹாலில் ஃப்ரேம் இருந்தது. பக்கத்தில், மஞ்சளாகிப் போன பத்திரிகைத் துண்டும் கண்ணாடிக்குள். நேர் எதிரே உட்கார இடம் இருந்தும் ஸ்ரீகண்டன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். விஷயத்தை அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார். கடைசியில் நானே கடிதத்தை எடுத்துக் கொடுத்து எதற்கு என்று சொன்னேன்.

கோதண்டராமன் பென்சிலோடு படித்தார். ஒரு இடத்தில் கமா போட்டார். முழுதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"ரெண்டாவது பாரால சார். குழுத் தலைவர்னு" என்றேன்.

"அது பதவி. நான் என்ன பண்ணினேன்னு இல்லியே."

ஸ்ரீகண்டன் பதறிவிட்டார். "அத மாத்திடலாம் சார். உங்க வழிகாட்டுதல்லதானே எல்லாம்…" மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"நீ சும்மா இரு" என்றார் கோதண்டராமன். "குழந்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார். எட்டு வயசு."

"தமிழ் பேசறாளா?"

"புரியும். பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும்." கொஞ்சம் நிறுத்தி, "முன்னாடி பேசுவா" என்றார்.

கோதண்டராமன் உள்ளே பார்த்து, "அம்புஜம், இங்க வா. இதைக் கேளு" என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதும், கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். இந்த முறையை யோசிச்சது ஸ்ரீகண்டன். எழுதினது அவன். சோதிச்சுப் பாத்ததும் அவன். எனக்கோ மத்தவாளுக்கோ அதுல பங்கு இல்லை. குரல் எங்கேயும் தடுக்கவில்லை. ஸ்ரீகண்டன்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்லவா கூப்பிட்டேள்?" என்றார் அம்புஜம். "நீங்க கீசரை ரிப்பேர் பண்றேன்னு இறங்கி, தெருவுக்கே கரண்ட் போச்சே, அன்னிக்கே எனக்குத் தெரியும்."

நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோதண்டராமனே சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்தார். குழுக் கூட்டம் நடந்த நாளெல்லாம் அவர் கைப்பட எழுதிய குறிப்பு. ஒரு பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். தேதி போட்டு, இங்கிலீஷில் மூன்றே வரி. 'ஸ்ரீகண்டனின் புது முறை. எனக்குப் புரியவில்லை. வேலை செய்கிறது, அவன் போக்கில் விட்டுவிடலாம்.'

"மேலிடத்துலேர்ந்து வந்து கேட்டவாளையெல்லாம் அவன்கிட்ட அண்ட விடாம வாசல்ல நின்னேன். நான் பண்ணினது அவ்வளவுதான். அதை வேணா ஒரு வரி எழுதிக்கோ" என்றார். "இந்த நோட்டை அப்பவே குடுத்திருக்கணும். கேட்டாக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். இவன் கேக்கவே இல்லை."

கிளம்பும்போது, சுவரைக் காட்டி, "இதை இறக்கிடட்டுமாடா?" என்று கேட்டார்.

"அய்யோ, வேணாம் சார். உங்க பேருதான் முதல்ல இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன். இவர் திருந்த மாட்டார் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

அந்த ஒரு வரியைச் சேர்த்து, புதுக் கடிதத்தில் மறுபடி கையெழுத்து வாங்கினேன். நோட்டின் அந்தப் பக்கத்தை முதல் ஆதாரமாக வைத்தேன். பெரிய பெரிய பேராசிரியர்களின் கடிதங்களெல்லாம் அதற்குப் பின்னால். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் நான் வைத்த ஆதாரங்களிலேயே அதுதான் ஒழுங்கானது.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. ஹரிஷ்குமார் மேஜையைத் தட்டி, "சூப்பர் மகா!" என்று கத்தினார். நான் ஸ்ரீகண்டனை ஆபீசுக்கே வரச் சொன்னேன். தாளை இரண்டு முறை படித்தார். தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் வேறு யார் பெயரும் இல்லை.

அடுத்ததைச் சொல்ல வேண்டியது என் வேலை. தகுதி வந்துவிட்டது, ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதிலும் தனி வரிசை. அந்த மாதம் அது மூன்று வருடத்துக்கும் மேலே பின்தங்கி நின்றது. நகர்ந்தால் நகரும், நின்றால் நிற்கும்.

"சார், இன்னொரு விஷயம்…"

"வரிசைதானே? தெரியும் தம்பி. ஒவ்வொரு மாசமும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

இரண்டு பேரும் ஒன்றாகவே இறங்கினோம். ஈஜிபுரா சிக்னல் வரை என்னோடு நடந்து வந்து அவர் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. நல்ல கூட்டம். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார்.

"மூணு வருஷம்னா அவளுக்குப் பதினொண்ணு. அதுக்குள்ள சின்ன ஸ்கூல் முடிஞ்சிடும். வேற ஸ்கூல், வேற பஸ். இல்ல?"

"இருக்கலாம் சார்."

"பதினொரு வயசுப் பொண்ணு அப்பா வந்து பஸ் ஏத்தி விடணும்னு நினைப்பாளா?"

எங்கள் ஊரில் பஸ் ஏற்றிவிட யாரும் வந்ததில்லை; வந்திருந்தால் பிடித்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். "தூரமா நின்னுக்கலாம் சார்" என்றேன்.

"ஆமா. எதிர்சாரில நின்னுக்கலாம்" என்றார், அந்தத் தெருவை இப்போதே பார்ப்பது போல.

சிக்னல் விழுந்தது. மற்றவர்கள் கடந்தார்கள். அவர் நின்றுவிட்டார். குளிர்காலத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். என் போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு இருபது.

நானும் நின்றேன். மூன்று நிமிடம் போல ஆகியிருக்கும்.

"ஏறியிருப்பா" என்றார். பிறகு இருவரும் சாலையைக் கடந்தோம்.