ஜன்னல் கட்டையில் எறும்பு

எங்கள் வீட்டில் யாரையும் லேசில் நம்பமாட்டோம். அதிலும் தண்ணீர் விஷயத்தில் என் மாமனார் பெற்ற பிள்ளையைக்கூட நம்பமாட்டார். பரளச்சிப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரவேண்டும். வண்டிக்காரர் குடத்தை இறக்கியதும், இவர் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் அது வீட்டுக்குள் போகும். அந்த நாக்கை ஊரே மெச்சும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் மகனுக்கு இரண்டு வயதில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணவர் வெளியூர் வேலையில் இருந்ததால் மாமனார்தான் துணைக்கு வந்தார். முதல் நாள் ட்ரிப்ஸ் ஏறியது. மறுநாள் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. வாந்தி நின்றிருந்ததால் நர்ஸ் ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஜக்கில் வைத்தார்.

"கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

நான் பீத்துணி அலசிவிட்டு வரும்போதெல்லாம் ஜக்கில் தண்ணீர் குறைந்திருக்கும். "குடிச்சுட்டான் தாயி" என்பார் மாமனார். ஆனால் பிள்ளைக்கு உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. முதலில் பவுடரைச் சந்தேகப்பட்டேன். பிறகு நர்ஸை. அடுத்து, பக்கத்துக் கட்டில்காரி தன் பிள்ளைக்கு எடுத்துக்கொள்கிறாளோ என்று ஜக்கை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்தினேன். பாவம், எனக்குச் சோப்பு கொடுத்ததே அவள்தான்.

மத்தியானம் துணி காயப்போட வெளியே போனேன். தரையெல்லாம் புழுதியாகக் கிடக்க, எங்கள் ஜன்னலுக்குக் கீழே மட்டும் மண் ஈரமாக இருந்தது. அங்கிருந்து சுவரேறி ஜன்னல் கட்டைவரை எறும்பு சாரை சாரையாகப் போனது. உள்ளே ஓடினேன்.

"மாமா, தண்ணிய வெளிய ஊத்துனீகளா?"

அவர் மறைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாய் குடிச்சுப் பாத்தேந்தா. உப்புக் கரிக்குது. போர்த் தண்ணியில பவுடரக் கலந்து ஏமாத்துறாக. வகுறு கெட்ட பிள்ளைக்கு அதையா குடுப்பாக? கேட்டா சண்டைக்கு வருவாக."

வந்த ஆத்திரத்துக்கு ஜக்கை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். மாமனாராகப் போய்விட்டார். ஜன்னல் கட்டையைக் காட்டினேன்.

"போர்த் தண்ணிக்கு எறும்பு வருமா மாமா?"

குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஜக்கிலிருந்து இன்னொரு வாய் குடித்தார். "இனிப்பும் இருக்கு" என்றார். முகம் செத்துப்போனது.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தார். நான் துணி அலசப் போகவில்லை. ஒவ்வொரு ஸ்பூனும் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று எதிரில் உட்கார்ந்து காவல் காத்தேன். வெயில் தாழ்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் போகலையா? மதுரைக்கு வண்டி சொல்லிரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"தாயி," என்றார் மாமனார். அவர் வேட்டி நனைந்திருந்தது.

ஜக்குத் தண்ணீரைச் சிந்திவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றியது. குனிந்து மோந்து பார்த்தேன். மூத்திரம்தான். பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு பையிலிருந்து மாற்று வேட்டியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இருக்கட்டுந்தா. நர்ஸம்மா வந்து பாக்கட்டும். நாம சொன்னா நம்பமாட்டாக."